ஆடைகளைக் காக்கும் அருங்காட்சியகங்கள்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் வரலாற்றுப் பாடத்தில் நாம் படிப்பதெல்லாம் ஆளைப் பற்றியே. அரசர் எந்த ஆண்டு முடி சூடினார், எந்தப் போரில் வென்றார் என்று மனப்பாடம் செய்கிறோம். அன்று அவர் எதை உடுத்தியிருந்தார், அதை நெய்தவர் யார், அவருடைய வயலில் நாற்று நட்ட பெண் எதை உடுத்தியிருந்தாள் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் இடங்களே ஆடை வரலாற்று அருங்காட்சியகங்கள். அவற்றைப் பற்றி நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மையை நாம் உணர வேண்டும். கல் நிற்கும், செம்பும் வெண்கலமும் மண்ணுக்குள் காத்திருக்கும். துணியோ அப்படியன்று. ஈரம், வெயில், கரையான், இராமபாணப் பூச்சி, வியர்வை எல்லாமே அதற்குப் பகை. மொகஞ்சதாரோவில் அகழ்ந்தபோது ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டியிருந்த சிறு பருத்தித் துணித்துண்டு கிடைத்தது. அது மஞ்சிட்டிச் சிவப்புச் சாயம் ஏற்றிய துணி. உலோகத்தின் உப்பு அதைக் காப்பாற்றியதால்தான், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டார் பருத்தி நூற்றுச் சாயமிட்டு நெய்தார்கள் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஒரு விரலளவு கந்தல் எவ்வளவு பெரிய சாட்சி சொல்கிறது பாருங்கள்! ஆயினும் அத்தகைய கந்தல்கள் மிக அரிது. நம் ஈர மண்ணில் அவை தங்குவதில்லை. எகிப்து நாட்டில் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத் நகரத்தின் குப்பை மேடுகளில்தான் குஜராத்தில் அச்சிட்ட பருத்தித் துணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கே மழை இல்லை, அதனால் பிழைத்தன. நம் துணிகளைப் பார்க்க நாம் எகிப்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போக வேண்டியிருக்கிறது.

சீட்டித் துணி என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தப் பூப்போட்ட பருத்தித் துணி நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர் 1620-இல் வந்தனர். நாகப்பட்டினத்தை டச்சுக்காரர் 1658-இல் பிடித்தனர். அவர்களைக் கடல் தாண்டி இழுத்து வந்த சரக்குகளில் துணியும் ஒன்று. அங்கே பெண்கள் இதை விரும்பி வாங்க வாங்க, உள்ளூர் நெசவாளர் தொழில் இழந்து கூச்சலிட்டனர். பிரான்ஸ் 1686-இல் இதைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டமும் 1721-இல் அதைவிடக் கடுமையான சட்டமும் இயற்றியது. ஒரு பருத்திப் பாவாடைக்குப் பயந்து பாராளுமன்றம் சட்டம் போட்டது என்றால் நமக்குச் சிரிப்பு வருகிறது அல்லவா? அந்தத் துணிகளை டச்சு நாட்டு லேயுவார்டன் நகரிலுள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகம் 2017-இல் ஒரு பெரிய கண்காட்சியாக வைத்தது. கண்காட்சிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சிட்ஸ்’. நம் ‘சீட்டி’யே டச்சு வாயில் அப்படி ஆகியிருக்கிறது.

நம் நாட்டில் துணிகளுக்கென்றே அமைந்த அருங்காட்சியகங்களில் தலையாயது அகமதாபாத்திலுள்ள காலிகோ துணி அருங்காட்சியகம். அதன் தொடக்கத்தில் ஒரு தமிழர் தொடர்பு உண்டு. இலங்கைத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மகன், கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. அவர் 1940-களின் தொடக்கத்தில், ஆலை அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த கௌதம் சாராபாயிடம் அகமதாபாத்தில் துணிக்கென ஒரு நிலையம் வேண்டும் என்று யோசனை கூறினார். அது தொடங்கப்படும் முன்பே 1947-இல் அவர் காலமானார். 1949-இல் நேரு அவர்கள் அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். கௌதமும் அவர் சகோதரி கீரா சாராபாயும் அதை வளர்த்தனர். முதலில் காலிகோ ஆலை வளாகத்தில் இருந்தது, 1983-இல் ஷாஹிபாக் பகுதியிலுள்ள சாராபாய் குடும்ப மாளிகைக்கு மாறியது. பழைய துணிகளைப் பற்றிய ஆராய்ச்சி நூல்களையும் வெளியிட்டது. இதில் என்னை வியக்க வைத்தது ஒன்று உண்டு. இந்த அருங்காட்சியகத்தைப் பெற்றெடுத்த காலிகோ ஆலை 1990-களில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஆலை போயிற்று. அதன் பெயரைத் தாங்கிய துணிகள் மட்டும் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

அங்கே நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. முன்கூட்டியே பதிவு செய்து, சிறு குழுவாக, வழிகாட்டியின் பின்னால் செல்ல வேண்டும். படம் எடுக்க அனுமதி இல்லை. அறைகள் மங்கலாக இருக்கும். போய் வந்தவர்கள் ‘ஒன்றும் சரியாகத் தெரியவில்லை’ என்று குறை கூறுவதுண்டு. அந்த மங்கலுக்குக் காரணம் உண்டு. வெளிச்சம் சாயத்தைத் தின்னும். ஒருமுறை வெளுத்த நிறம் எதனாலும் திரும்பாது. ஆகவே துணிகளின் மேல் விழும் ஒளி சுமார் 50 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் வைத்துக்கொண்டுள்ள அளவு. வீட்டில் படிப்பதற்கு நாம் போடும் விளக்கைவிட அது மிகக் குறைவு. வெயிலில் காயப்போட்ட தாவணி ஒரு கோடையில் எப்படி வெளுக்கிறது என்று நாம் அறிவோம். இருநூறு ஆண்டுத் துணிக்கு அந்தக் கோடை வந்துவிடக் கூடாது.

ஆனால் துணிகளைச் சேர்ப்பவர் எல்லாரும் காப்பதற்காகவே சேர்த்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1866-இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் லண்டனில் இருந்துகொண்டு இந்தியத் துணிகளின் மாதிரிகளை 18 தொகுதிகளாகத் தொகுத்தார். ஒவ்வொரு வரிசையிலும் 700 மாதிரிகள். புடவையிலும் வேட்டியிலும் தலைப்பாகையிலும் இருந்து வெட்டிய துண்டுகள், அவற்றின் நீளம், அகலம், எடை ஆகிய குறிப்புகளோடு ஒட்டப்பட்டிருந்தன. இப்படி 20 வரிசைகள் செய்யப்பட்டன. 13 வரிசைகள் பிரிட்டனிலேயே தங்கின, 7 இந்தியாவுக்கு வந்தன. இதையும் ஓர் அருங்காட்சியகம் என்றே அவர் கருதினார். ஊர் ஊராகக் கொண்டுபோகக்கூடிய அருங்காட்சியகம். யாருக்காக? இந்தியர் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று பார்த்து அதைப் போலவே இயந்திரத்தில் நெய்து நமக்கே விற்க வேண்டிய ஆங்கில ஆலை முதலாளிகளுக்காக. இன்று ஆராய்ச்சியாளர்களுக்கு அந்தத் தொகுதிகள் பெரும் புதையல்தான். இருந்தாலும் ஒரு முழுப் புடவையைக் கத்தரித்துக் கைக்குட்டை அளவில் ஒட்டியதை நினைத்தால் எனக்கு மனம் கசக்கிறது.

இனி நம் தஞ்சைத் தரணிக்கு வருவோம். பேராவூரணிக்காரர்களாகிய நாம் எல்லாரும் ஒருமுறையாவது மனோரா கோட்டையைப் பார்த்திருப்போம். நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் சரபேந்திரராஜன்பட்டினத்துக் கடற்கரையில் 1814-15-இல் எழுப்பியது அது. சுற்றுலா போகும்போது படியேறி விளையாடி வருகிறோம். அந்த மராட்டிய அரண்மனைக்காகவே ஒரு துணி நெய்யப்பட்டது. கும்பகோணத்துக்கு அப்பால், கொள்ளிடக்கரைப் பக்கத்திலுள்ள கொடாலி கருப்பூர் என்னும் சிற்றூரில் நெய்த கருப்பூர்ப் புடவை அது. இன்று அவ்வூர் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

கருப்பூர்ப் புடவை செய்யும் முறையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். முதலில் மெல்லிய பருத்தி நூலில் துணி நெய்வார்கள். நெய்யும்போதே பூ வரும் இடங்களில் மட்டும் சரிகையைக் கையால் கோத்துக் கோத்து நெய்வார்கள். தறியிலிருந்து இறங்கியதும் வேலை முடிந்துவிடாது. சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைக் கொண்டு கையால் வரைவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். துணி அடர்ந்த செம்பழுப்பு ஆகும். மெழுகு இட்ட கோடுகள் வெளுப்பாக நிற்கும். அந்தச் செம்மைக்குள்ளிருந்து சரிகை, அடுப்புச் சாம்பலுக்குள் தணல் தெரிவதுபோல மினுங்கும். பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும் பட்டுப் புடவை அன்று இது. சரிகையை மறைக்கவே இத்தனை பாடுபட்டார்களோ என்றுகூடத் தோன்றும். எனக்கு இதுவே பேரழகாகப் படுகிறது. நெசவாளியும் சித்திரக்காரரும் சாயக்காரரும் ஒரே துணியில் கூடினால்தான் இது நடக்கும்.

1855-இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனியார் அரண்மனை உரிமைகளை எடுத்துக்கொண்டனர். கருப்பூர்ப் புடவைக்கு வாங்குவோர் அற்றுப் போயினர். ஒருவர் வாங்காவிட்டால் இன்னொருவருக்கு விற்கலாம் என்றால், அவ்வளவு வேலைப்பாடுள்ள பருத்திப் புடவையை வேறு யார் வாங்குவார்? சில காலத்துக்குள் அத்தொழில் அருகி மறைந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் முதலிய சில இடங்களில் இன்று அதைக் காணலாம். இழை இழையாக ஆராய்ந்து மீண்டும் செய்து பார்க்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. ஆனால் தந்தை மகனுக்குக் காட்டிக் கொடுத்த கைப்பழக்கம் இடையில் அறுந்துவிட்டது. அதே பகுதியில் கோயில்களுக்குத் தொம்பை, குடைத்துணி, விதானத்துணி எழுதும் கலம்காரி மட்டும் ஒருசில குடும்பங்களில் தப்பிப் பிழைத்தது. கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயிலுக்கு ஆண்டுதோறும் திருவிழா வந்ததால் துணியும் தேவைப்பட்டது, கையும் மறக்கவில்லை. அரண்மனைக்கு அப்படி ஒரு திருவிழா வராமல் போயிற்று.

இதனால்தான் துணியைப் பூட்டி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளாத அருங்காட்சியகங்கள் எனக்கு மிகவும் பிடிக்கின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அப்படிப்பட்டது. சென்னைக் கைவினை அறக்கட்டளை நடத்துவது. தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் கட்டியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும், கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும், தெலுங்கானாவின் கொய்யலகூடத்து நெசவாளர் வீடும் உண்டு. வீட்டுக்குள் தறி இருக்கும். தறி எங்கே நின்றது, குடும்பம் எங்கே படுத்தது என்று பார்த்தாலே நெசவாளர் வாழ்க்கை விளங்கிவிடும். வீட்டில் பாதி தறிக்கு, மீதிதான் மனிதருக்கு! கைவினைஞர் தொழில் செய்வதை அருகில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். பள்ளி மாணவர்கள் தாமே செய்து பார்க்கும் வகுப்புகளும் நடக்கின்றன. பாவு, ஊடை என்று புத்தகத்தில் பத்து முறை படிப்பதைவிட, நாடாவை ஒரே ஒரு முறை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிப் பார்ப்பது மேல்.

அழகுக்காக மட்டுமே ஆடைகளைக் காக்கிறோம் என்றும் சொல்லிவிட முடியாது. மதுரை தமுக்கம் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், 1948 ஜனவரி 30 அன்று அண்ணல் உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் சரிகை இல்லை, பூ இல்லை. கையால் நூற்ற வெள்ளைப் பருத்தி, அவ்வளவே. அதே மதுரையில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று அவர் ஏழை விவசாயியைப் போல அரை வேட்டிக்கு மாறினார். உடுத்தும் துணிக்காகவே நடந்த போராட்டமும் உண்டு. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை அணிந்ததற்காக அடிபட்டனர், அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல்தான் மேலாடை அணியும் உரிமை அரச ஆணையாக வந்தது. நாம் காலையில் அவசரமாகச் சீருடை மாட்டிக்கொண்டு ஓடி வருகிறோம். நம்மைப் போன்ற பெண்களுக்கு ஒரு முழத் துணி அடியும் உதையுமாய் இருந்த காலம் ஒன்று உண்டு என்று எனக்கு இந்தப் பாடத்தைப் படிக்கும் வரை தெரியாது.

இவற்றையெல்லாம் வகுப்பில் பேசியபோது, நாமே ஒரு சிறு ஆடைக் கண்காட்சி வைத்தால் என்ன என்று எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை கேட்டார். வீட்டிலுள்ள மிகப் பழைய துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வர வேண்டும், கூடவே ஓர் அட்டையில் யார் உடுத்தியது, எங்கே வாங்கியது, எப்போது என்று எழுதி வர வேண்டும். 31 துணிகள் சேர்ந்தன. கூறைப்புடவைகள் அதிகம். திருபுவனம் பட்டு நான்கு இருந்தன. கட்டம் போட்ட கண்டாங்கி ஒன்று, சுங்குடி இரண்டு. சிங்கப்பூரிலிருந்து தாத்தா வாங்கி வந்த நைலக்ஸ் புடவை ஒன்றும், பினாங்குக் கைலி ஒன்றும் வந்தன. நைலக்ஸ் புடவை இன்றும் நேற்று வாங்கியது போலவே மின்னியது. அதைத்தான் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளையும் கூரைகளையும் சாய்த்தபோது பெட்டியோடு நனைந்து, சரிகை கறுத்து, மடிப்பில் விட்டுப்போன புடவைகள் மூன்று. அவற்றையும் அப்படியே வைத்தோம். அட்டையில் புயலையும் எழுதினோம்.

ஒரு தோழி மட்டும் வெறுங்கையோடு வந்தாள். அவளுடைய அம்மாயி வயல் வேலை செய்தவர். பழைய சேலை கேட்டதற்கு அவர் சொன்னாராம்: “கிழிஞ்சா தூளி. தூளி கிழிஞ்சா பழந்துணி. அதுவும் போச்சுன்னா விளக்குத் திரி. பொட்டியில வைக்க எங்க ஆயி மிஞ்சுது?”

இதைக் கேட்டு வகுப்பே சிறிது நேரம் பேசாமல் இருந்தது. அருங்காட்சியகங்களில் ஏன் அரசர் துணியும் மணமகள் துணியுமே இருக்கின்றன என்பது அப்போதுதான் புரிந்தது. உழைத்தவர் துணி உழைத்தே தீர்ந்துவிட்டது. மிஞ்சினால்தானே காட்சிக்கு வைப்பதற்கு?

ஆசிரியை அந்த அம்மாயியைக் கண்காட்சி அன்று வரச் சொல்லி அனுப்பினார். வந்தார். முதலில் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார். பிறகு எங்கள் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டிக் காட்டினார். கொசுவத்தை முன்னால் செருகாமல் இடுப்பின் பின்புறம் விசிறிபோல் நிற்க வைத்து, மீதிச் சேலையை உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்து மாராப்பு போட்டு இழுத்துச் செருகினார். நாற்று நடும்போது எவ்வளவு தூக்கிக் கட்ட வேண்டும், கதிர்க்கட்டு தூக்கும்போது தலைக்குச் சும்மாடு எப்படிச் சுருட்ட வேண்டும் என்றும் செய்து காட்டினார். ஒரு ஊசி இல்லை, பின் இல்லை. குனிந்து நிமிர்ந்து நடந்து பார்த்தாள் அந்த மாணவி, கொஞ்சமும் அவிழவில்லை. முப்பத்தொரு துணிகளைச் சுற்றி நின்ற கூட்டமெல்லாம் அங்கே திரண்டுவிட்டது. ரீத்தா கபூர் சிஷ்டி என்ற அம்மையார் இந்தியா முழுவதும் அலைந்து 108 வகையான சேலைக் கட்டுகளைப் பதிவு செய்திருக்கிறார். எங்களுக்கு ஒரே ஒரு கட்டு கிடைத்தது, அதுவும் அரை மணி நேரத்தில்.

துணி வைத்திருக்கும் தோழியர்க்குச் சில குறிப்புகள். பட்டும் சரிகையும் உள்ள புடவையை அழுக்கோடு மடித்து வைக்கக் கூடாது, வியர்வை பட்ட இடத்தில் இழை முதலில் விட்டுப்போகும். பழைய வெள்ளை வேட்டித் துணியை நன்றாகத் துவைத்துக் கஞ்சி போடாமல் உலர்த்தி அதில் சுற்றி வைக்கலாம். கஞ்சி பூச்சியை அழைக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை விட்டு வேறு மடிப்பாக மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அங்கேதான் கிழியும். அந்துருண்டை சரிகையின் மேல் படக்கூடாது. இரும்புப் பெட்டியானால் துரு பிடிக்கும், அடியில் துணி விரிக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது நம் ஊர் ஈரக் காற்றுக்கு ஆகாது.

கண்காட்சி முடிந்த மறுநாளே துணிகளை அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அட்டைகளை மட்டும் ஒரு நீளமான நோட்டில் ஒட்டி நூலகத்தில் வைத்திருக்கிறோம். கடைசி அட்டையில் துணி இல்லை. பின்கொசுவம் கட்டும் முறை அம்மாயி சொல்லச் சொல்ல எழுதப்பட்டிருக்கிறது, அவருடைய பெயரும் ஊரும் வயதும் உண்டு. நோட்டில் இன்னும் பாதிக்கு மேல் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புத் தோழியர் யாராவது தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதித் தருவதானால் நூலகத்தில் கொடுக்கலாம்.